ஞகரத்துக்கு ஒரு சொல்

"ஞ" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நாக்கின் நடு முதுகு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். உப்பும் கொச்சிக்காய்த் தூளும் போட்டுக் குலுக்கிய வெரளிக்காயைக் கடித்துவிட்டுச் சொன்னால் இன்னும் கொஞ்ச நேரம் ஒட்டியிருந்துவிட்டு, மனமில்லாமல்தான் விடுபடும். அந்த எழுத்து எனக்கு இன்றைக்கும் புளிப்பும் உறைப்புமாகத்தான் வாயில் வருகிறது. ஏனென்றால் ஆறாம் வகுப்பில் நாங்கள் மூன்று பேர் ஒரே வாங்கில் உட்கார்ந்து, கடதாசிச் சுருளில் வெரளிக்காயை மறைத்து வைத்துத் தின்றுகொண்டிருந்த ஒரு தமிழ்ப் பாடத்தில்தான் அது எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

தமிழ் படிப்பித்த சேர் கரும்பலகையில் மொழிமுதல் எழுத்துகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் சொற்களை அடுக்கிக்கொண்டு போனார். ககரத்துக்கும் சகரத்துக்கும் பலகை போதவில்லை. ஞகரத்துக்கு வந்தபோது ஞாயிறு, ஞானம், ஞாபகம், ஞாலம் என்று நாலு எழுதினார், சோக்கட்டியை அந்தரத்தில் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தார், "இது பாவப்பட்ட எழுத்து பிள்ளைகள்" என்று சொல்லிவிட்டுத் தகரத்துக்குப் போய்விட்டார். எல்லாரும் அவரோடு தகரத்துக்குப் போனார்கள். சுஹைலா போகவில்லை. தெருவில் கால் ஒடிந்த பூனையைக் கண்டால் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவள் அவள். "நாலு சொல்லு மட்டும் எண்டா அது எப்படிப் புள்ள சீவிக்கிற?" என்று என் காதில் கேட்டாள். அந்தப் பக்கம் இருந்த றிபாயா, வாயில் வெரளிக்கொட்டையோடு, "அப்ப நாம செஞ்சு குடுப்பம்" என்றாள். அவ்வளவுதான்.

கல்முனையை ஒட்டி, கடலுக்கும் பெரிய றோட்டுக்கும் நடுவில் நெருக்கியடித்துக் கிடக்கும் எங்கள் ஊரில், தொண்ணூறுகளின் நடுவில், பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் போய்வர இருந்த இடங்கள் பள்ளிக்கூடம், குர்ஆன் படிக்கிற ஓதப் பள்ளி, கடை, ஒருத்தி வீட்டிலிருந்து இன்னொருத்தி வீடு என்று ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒரு சொல் எங்கும் போகலாம். பெடியன்மார் கடற்கரையில் பட்டம் விட்டபோது நாங்கள் சொல் விட்டோம். அப்படித்தான் அந்த விளையாட்டுக்குப் பேரும் வைத்திருந்தோம், "சொல் விடுற" என்று. ஊரில் இருக்கிற, ஆனால் பேரில்லாத ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்கு ஞகரத்தில் தொடங்கும் ஒரு பேர் கட்ட வேண்டும். பிறகு கடையிலோ தண்ணீர்க் குழாயடியிலோ, ஏற்கெனவே உள்ள சொல்லைப் போலச் சாதாரணமாக அதை வாயிலிருந்து நழுவ விட வேண்டும். விளக்கம் சொல்லவே கூடாது. எங்களுக்கு அறிமுகமில்லாத ஒருவரின் வாயிலிருந்து அது திரும்பி வந்தால் வெற்றி.

சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டு கால் மட்டும் வெளியே வருமே, அந்தக் கணத்துக்குச் சுஹைலா "ஞொளுக்" என்று வைத்தாள். கரண்ட் போன பிறகும் காற்றாடி தன் பாட்டில் சுற்றிச் சுற்றி ஓய்கிற நேரத்துக்கு றிபாயா "ஞூவம்" என்று வைத்தாள். இரவல் கேட்டால் அழிறப்பரைப் பல்லால் கடித்துப் பாதியை மட்டும் நீட்டுகிறவளுக்கு நான் "ஞப்பி" என்று வைத்தேன். மாரி மழைக்குள் ஒரு நாள், பஸ் தரிப்பில் சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற முன்பின் தெரியாத மனிதர், "செருப்பு ஞொளுக்கெண்டு போயிட்டு" என்று தன் கூட்டாளியிடம் சொன்னபோது, நாங்கள் மூவரும் ஒருத்தியின் கையை ஒருத்தி நசுக்கிக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றோம். "ஞூவம்" ஓதப் பள்ளியைச் சுற்றிவிட்டு இரண்டு கிழமையில் திரும்பி வந்தது. என்னுடையவை ஒன்றும் வரவில்லை. எனக்கு அவசரம் கூட. சொல்லை விட்ட உடனேயே எதிரில் நிற்பவருக்கு விளங்கிவிட்டதா என்று முகத்தைப் பார்ப்பேன், விளங்காவிட்டால் தாங்கமாட்டேன், விளக்குவேன். விளக்கிய சொல் அந்த இடத்திலேயே செத்துவிடும்.

"ஞிம்பு" றிபாயாவின் சொல். நாங்கள் செய்ததிலேயே அதுதான் நல்ல சொல் என்று இப்போதும் சொல்வேன். போயிற்று வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வாசல் கடப்படி வரைக்கும் போய், போகாமல் நின்று, அதையும் இதையும் கதைத்துக்கொண்டிருப்பது, அதுதான் ஞிம்புதல். அவள் அதைக் கண்டுபிடிக்க எங்கும் தேடிப் போகவில்லை, அவளுடைய வாப்பா காலையில் வட்டைக்குப் புறப்படுவதைப் பார்த்தாள், அவ்வளவுதான். சம்மாந்துறைக்கு அந்தப் பக்கம் பரந்து கிடக்கும் வயல்வெளியைத்தான் வட்டை என்போம். அங்கே அவளுடைய வாப்பா ஆதம்பாவா மாமாவுக்கு மூன்று ஏக்கர் காணி இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை எங்களைக் கூட்டிக்கொண்டுபோய் அவள் அதைக் காட்டினாள். கிடுகு வேலிக்குள் ஒரு வளவு, வேலியில் இரண்டு மரத்தூண்களுக்கு நடுவே கம்பு போட்டு மறித்த கடப்பு. மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டி, சோற்றுப் பார்சலைக் கைப்பிடியில் தொங்கவிட்டு, "அப்ப நான் போயிற்று வாறன்" என்று சொல்லிவிட்டு ஆதம்பாவா மாமா கடப்படிக்குப் போனார். கம்பை விலக்கினார். சைக்கிளை வேலியில் சாத்தினார்.

"மகள், ஆட்டுக்குக் குழை வெச்சாச்சா?"

"வெச்சாச்சு வாப்பா."

"டேய் சின்னவன், மூக்கத் துடைடா. இஞ்சாருங்க, வாளிக் கயிறு தேஞ்சி போய்க் கிடக்கு, பாத்து அள்ளுங்க."

"நீங்க போறதுக்குள்ள பின்னேரமாகி அஸருக்குப் பாங்கு சொல்லிருவாங்க" என்றார் றிபாயாவின் உம்மா, குசினி அடுப்படியில் இருந்து.

அவர் சிரித்துக்கொண்டே வெளியே போய், பத்தடி உருட்டி, மறுகா திரும்பி, "சின்னவன்ட சட்டைக்குப் பொத்தான் இல்ல" என்றார். றிபாயா என் பக்கம் குனிந்து, "பாத்தியா, ஞிம்புறார்" என்றாள். நாங்கள் தலையில் போட்டிருந்த ஓடணியை வாய்க்குள் திணித்துக்கொண்டு சிரித்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில், புறப்பட்டுப் போகிறவரை முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிடக் கூடாது. போகிற காரியம் சறுகிவிடும் என்பார்கள். எதை மறந்து வைத்துவிட்டுப் போனாலும் சரி, வீட்டிலுள்ளவர்கள் வாயை மூடிக்கொண்டுதான் நிற்க வேண்டும். அவராகத் திரும்பினால்தான் உண்டு. ஆதம்பாவா மாமா எப்போதும் திரும்புவார். அதனால் அந்த வீட்டில் யாருக்கும் அவரைக் கூப்பிட வேண்டி வந்ததே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் றிபாயா எங்களை நிறுத்தினாள். "இத விடுறல்ல. இது எங்கட வீட்டுச் சொல்லு. சத்தியம் பண்ணுங்க." பண்ணினோம்.

மூன்று நாள் வைத்திருந்தேன். நாலாம் நாள், ஹோர்ன் பந்தை அமுக்கிக்கொண்டு பெட்டிக்கார மாமா எங்கள் கடப்படியில் வந்து நின்றார். சைக்கிள் கரியரில் மீன் பெட்டி கட்டித் தெருத் தெருவாக, ஒழுங்கை ஒழுங்கையாகப் போகிறவர். மீனோடு ஊர்க் கதைகளையும் கொண்டு திரிகிறவர். ஒரு சொல்லை ஊருக்குள் ஏற்றி அனுப்ப அவரைப் போல வாகனம் கிடையாது என்பது எங்களுக்குத் தெரியும். உம்மா மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போன பிறகும் அவர் நின்று யாரோ ஒருவருடைய கலியாணக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். என் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிவிட்டது.

"மாமா, சும்மா ஞிம்பாமப் போங்க."

"என்ன புள்ள அது?"

அந்த இடத்தில் நான் சிரித்துவிட்டு உள்ளே ஓடியிருக்கலாம். ஆனால் அவர் முகத்தில் விளங்காமை இருந்தது. விளக்கினேன். அதுவும் விளங்காததால், "றிபாயாட வாப்பா வட்டைக்குப் போகக்குள்ள கடப்படியில நிப்பாரே, அதுதான் ஞிம்புற" என்றேன்.

"ஆதம்பாவா மச்சானா!" என்று அவர் சிரித்த சிரிப்பில் மீன் பெட்டி ஆடியது. அவர் ஒழுங்கை திரும்புவதற்குள்ளேயே எனக்குச் சத்தியம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

நான் விளக்கிய சொற்களில் சாகாமல் பறந்தது அது ஒன்றுதான். ஒரு கிழமையில் தையற்கடையில் கேட்டேன். பத்தாம் நாள், மருந்துக்கு வரிசையில் நின்ற யாரோ ஒரு பெண், தன் பிள்ளையைப் பார்த்து "ஞிம்பாம வா" என்று அதட்டினாள். என் முதல் வெற்றி. யாரிடமும் சொல்ல முடியாத வெற்றி. பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, தேத்தண்ணிக் கடை வாசலில் ஒரு குரல், "என்ன ஞிம்பர், வட்டைக்குப் போகல்லயா இன்னம்?" என்று கேட்டது. சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஆதம்பாவா மாமா திரும்பிப் பார்க்காமல் மிதித்துக்கொண்டு போனார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய விசயமாகத் தெரியாது. எங்கள் ஊரில் ஒரே பேரில் ஒரு தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ஆதம்பாவாக்களே பள்ளியில் தொழுகை வரிசை ஒன்றை, ஒரு முழு ஸப்பை, நிரப்புவார்கள். அதனால் ஆளை அடையாளம் பிடிப்பது பட்டப்பேரால்தான். ஒருத்தருக்கு ஒட்டிய பட்டம் அவரோடு போகாது. மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் அந்தப் பேரைச் சொல்லித்தான் வீட்டுக்கு வழி கேட்பார்கள். பேரப்பிள்ளையின் முதுகிலும் அதுதான் ஏறும். றிபாயா பள்ளிக்கூடத்துக்குள் வந்தபோது பின்னால் உள்ள வாங்கிலிருந்து யாரோ "ஞிம்பர்ட மகள்" என்றாள். றிபாயா என்னைப் பார்த்தாள். புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வாங்கின் மறு முனைக்குப் போனாள். சுஹைலா நடுவில் வந்தாள்.

ஒரு கிழமைக்குப் பிறகு, குழாயடியில், அவளாகவே வாய் திறந்தாள்.

"வாப்பா இப்ப திரும்பிப் பாக்காமப் போறார்."

"அது நல்லம்தானே, நேரத்தோட போகலாம்" என்றேன் நான். அந்த வயதில்கூட ஒருத்தி அவ்வளவு மடைச்சியாக இருக்கலாமா என்று இன்றைக்கும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

றிபாயா போத்தலை நிரப்பி மூடினாள். "பக்கத்து வயல்கார மாமா தெரியுமா? போன போகத்துல வட்டைக்குப் போன இடத்துல மௌத்தான அவர். அண்டைக்குச் சுறுக்காப் போகணுமெண்டு யாரோடயும் கதைக்காமப் போனவராம். அதுக்குப் பொறகுதான் வாப்பா இப்படி. எங்க எல்லாரையும் ஒருக்காப் பாத்துட்டுத்தான் போவார். ஆட்டுக்குக் குழை வெச்சதெல்லாம் அவருக்குத் தெரியும். எங்கட முகத்தப் பாக்கத்தான் கேக்கிற. எனக்கும் அது போன மாசம்தான் உம்மா சொன்ன. அதாலதான் விடவேணாமெண்ட" என்றாள்.

வட்டைக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வராத யுத்த வருடங்கள் அவை. அதைப் பெரியவர்கள் எங்கள் முன்னால் கதைக்கமாட்டார்கள். குரலைத் தாழ்த்துவார்கள், நாங்கள் வந்தால் நிறுத்துவார்கள். ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் பேர் வைக்கப் புறப்பட்ட நாங்கள், அந்தத் தாழ்ந்த குரலுக்குப் பேர் வைக்கவில்லை.

அதற்கு அடுத்து வந்த வியாழக்கிழமை ஆதம்பாவா மாமா சோற்றுப் பார்சலை யன்னலடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். திரும்பிப் பார்த்திருந்தால் கண்டிருப்பார். றிபாயா பார்சலைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடியிருக்கிறாள், கூப்பிடாமல். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, மழைத் தண்ணீர் தேங்கிய ஒழுங்கைகளில், செருப்பு ஒன்று ஞொளுக்கென்று போக அதையும் விட்டுவிட்டு, பெரிய றோட்டு வரைக்கும் ஓடியிருக்கிறாள். முன்னால் போகிற முதுகு எட்டிக் கூப்பிடுகிற தூரத்தில்தான் இருந்ததாம். கூப்பிடவில்லை. சந்தி திரும்பி முதுகு மறைந்தது.

பன்றிக் காவலுக்கு வயல் வாடிக் குடிசையில் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர் அவர். மறுநாள் அந்தப் பக்கத்துப் பாதை மூடப்பட்டது. பஸ் ஓடவில்லை, கடைகள் பாதி நாளிலேயே பலகை போட்டு மூடின, ஜும்ஆவுக்குப் போன ஆண்கள் பள்ளி வாசலில் கூட்டமாக நின்று கதைத்துவிட்டு நேரே வீடு வந்தார்கள். நான் எங்கள் கடப்படியில் இரண்டு தூணுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தேன். உம்மா உள்ளே வரச் சொன்னபோது வரவில்லை. ஒரு சொல்லைத் திரும்ப விழுங்க முடியுமா என்று பார்ப்பதைப் போல "ஞ, ஞ" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் வராவிட்டால், கடைசியாக அவரைத் திரும்பிப் பார்க்கவிடாமல் செய்தவள் நான்தான் என்பது எனக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு வந்தார். முழங்கால் வரைக்கும் சேறு, சைக்கிள் செயின் கழன்று, உருட்டிக்கொண்டு வந்தார். "அல்ஹம்துலில்லாஹ், மனிசன் வந்துட்டார்" என்று உம்மா வேலிக்கு மேலால் சொன்னபோது நான் அறைக்குள் ஓடிப்போய்ப் பாயில் விழுந்து அழுதேன்.

ஆனால் அடுத்த தடவையும் அவர் திரும்பிப் பார்க்காமல்தான் போனார். வழி சொன்னது சுஹைலா. விட்ட சொல்லைப் பிடிக்க முடியாது, அப்படியென்றால் ஊர் முழுக்க அதை ஒட்டிவிடுவோம் என்றாள். "எல்லாரும் ஞிம்பர் எண்டா ஒருத்தரும் ஞிம்பர் இல்லத்தானே?" அன்றிலிருந்து எங்களுக்கு ஓய்வில்லை. தரிப்பில் ஆள் ஏற்றியும் போகாத பஸ் ஞிம்பியது. விட்டேன் விட்டேன் என்று தூறிக்கொண்டிருந்த மழை ஞிம்பியது. கலியாண வீட்டுக்கு வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு நின்ற மாமிமார் ஞிம்பினார்கள். மணி அடித்த பிறகும் கணக்குப் பாடத்தை விடாத சேர் ஞிம்பினார். பெட்டிக்கார மாமாவிடம் நான் போய், "ஊரிலேயே பெரிய ஞிம்பர் நீங்கதான் மாமா" என்றேன். கோபிக்கவில்லை, குலுங்கிச் சிரித்து அதையும் பெட்டியில் போட்டுக்கொண்டு போனார். நோன்பு வருவதற்குள் அந்தச் சொல்லுக்கு வேலை கூடிவிட்டது. ஒரு ஆளின் முதுகில் குந்தியிருக்க அதற்கு நேரமில்லை.

அது மட்டும் போதாது என்று எனக்குத் தெரிந்தது. ஒரு காலையில், மாமா சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது அவர்கள் வளவுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனவள் றிபாயாவிடம் இல்லாத கொப்பி ஒன்றைக் கேட்டேன். "சரி, போயிற்று வாறன்" என்றேன். கடப்படிக்குப் போனேன். திரும்பி, ஆடு குட்டி போட்டுவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார் மாமா. "அப்ப போயிற்று வாறன்" என்று கம்பைப் பிடித்தேன். மறுகா திரும்பி, மழை வரும்போல இருக்கிறது என்றேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. கம்பை விடாமல் நின்றேன்.

ஆதம்பாவா மாமா பம்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் மகள்," என்றார், "ஞிம்புறீங்களோ?"

குசினிக்குள் இருந்து றிபாயாவின் உம்மாவின் சிரிப்பு முதலில் வந்தது. பிறகு றிபாயாவுடையது, எத்தனையோ கிழமைக்குப் பிறகு. நான் அழுதேனா சிரித்தேனா என்பதை அந்த வீட்டு மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். மாமா சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னைத் தாண்டிக் கடப்படிக்குப் போனார். வெளியே பத்தடி போய் நின்றார். "நானும் கொஞ்சம் ஞிம்பிட்டுப் போறன்" என்று திரும்பி, ஆட்டுக்குக் குழை வைத்தாயிற்றா என்று கேட்டார்.

இப்போது நான் கொழும்பில், ஐந்தாம் மாடியில் இருக்கிறேன். இங்கே ஞிம்ப இடமில்லை, லிப்ட் கதவு பொறுக்காது. சுஹைலா கட்டாரில், இரண்டரை மணித்தியால வித்தியாசத்தில் இருக்கிறாள். ஆதம்பாவா மாமா முதுமையில், தன் கட்டிலில், எல்லாருடைய முகத்தையும் பார்த்த பிறகுதான் மௌத்தானார். அந்த வளவைச் சுனாமியாகக் கடல் வந்துபோன வருடம் எடுத்துக்கொண்டது. வேலியும் கடப்பும் நின்ற இடத்தில் வெறும் மணல். றிபாயா பெரிய றோட்டுக்கு மேற்கே, இரும்புக் கேற்றுப் போட்ட வீட்டில் இருக்கிறாள்.

போன பெருநாளுக்குப் போயிருந்தேன். மீன் மோட்டார் சைக்கிளில் வந்தது, ஒலிபெருக்கியில் பதிந்த குரல் விலகாமல் ஒரே வரியைச் சொல்லிக்கொண்டு போனது. றிபாயாவின் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. "ஞிம்பு" தெரியுமா என்று கேட்டேன். ஃபோனில் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு சொல்லு இல்லயே மாமி" என்றாள். ஊரிலும் நான் இரண்டு நாள் காது கொடுத்துப் பார்த்தேன். பஸ் தரிப்பில், கடையில், பள்ளி வாசலில், ஒரு வாயிலிருந்தும் அது வரவில்லை. எங்கள் ஞகரம் பழையபடி நாலு சொல்லோடு கிடக்கிறது.

பிள்ளை ரியூசனுக்குப் புறப்பட்டாள். சைக்கிளை எடுத்து, "பாய் உம்மா" என்று கேற்றைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் மிதித்தாள். அவளுடைய தண்ணீர்ப் போத்தல் கதிரையில் இருந்தது. றிபாயா அதை எடுத்துக்கொண்டு கேற்றடிக்கு ஓடினாள். பிள்ளையின் முதுகு கூப்பிடுகிற தூரத்தில்தான் இருந்தது. றிபாயா கூப்பிடவில்லை. போத்தலை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள்.

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கொழும்புக்குப் போகிற வான்காரர் வெளியே எனக்காக இரண்டு முறை ஹோர்ன் அடித்துவிட்டார். "போயிற்று வாறன் புள்ள" என்று நான் சொல்லி அரை மணித்தியாலம் ஆகியிருந்தது.